இரண்டு பழைய வண்டி ரேடியோவில் ஒரு ரிப்பீட்டர்: கம்பி இணைப்பது சுலபம், காதைக் காப்பாற்றுவதுதான் பாடு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், ஓஎம் (ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், ஒருவரை ஒருவர் இப்படித்தான் அழைப்போம்). கால் டாக்சிக் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட மோட்டோரோலா ஜிஎம்300 இரண்டு உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் விஎச்எஃப் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும் வகை), 25 வாட். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் இடமும் கிடைத்திருக்கிறது. ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனா நட்டு, ஒன்றின் ஸ்பீக்கரை மற்றதன் மைக்கில் கொடுத்து, 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.600-இல் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் ஆக்கலாமா என்கிறீர்கள்.

மேசை மேல் ஆகும். ஒரு சாயங்கால வேலைதான். மாடியில், நீங்கள் சொல்லும் அமைப்பில், ஆகாது. பக்கத்துத் தெருவில் நின்று பேசுகிறவர் பளிச்சென்று கேட்பார். ஊருக்கு வெளியே இருப்பவர் அழைத்தால் ரிப்பீட்டர் தடதடவென்று திறந்து மூடித் திறந்து மூடித் துடிக்கும். என் முதல் ரிப்பீட்டர் மூன்று இரவு அப்படித்தான் துடித்தது. ரிலே கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு ரிலே மாற்றினேன். ரிலேவில் ஒரு குறையும் இல்லை. நடந்தது இதுதான்: தூரத்துச் சிக்னல் வருகிறது, ஸ்க்வெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்து வைக்கும் கதவு) திறக்கிறது, டிரான்ஸ்மிட்டர் கிளம்புகிறது. கிளம்பிய கணமே அதன் சத்தத்தில் ரிசீவர் செவிடாகிறது, ஸ்க்வெல்ச் மூடுகிறது, டிரான்ஸ்மிட்டர் நிற்கிறது. நின்றதும் காது மறுபடி கேட்கிறது. திரும்பவும் முதலிலிருந்து.

எவ்வளவு பெரிய சத்தம், எவ்வளவு சின்னக் காது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல ரிசீவர் 0.25 மைக்ரோவோல்ட் சிக்னலைப் புரியும்படி எடுக்கும். 50 ஓமில் அது எத்தனை வாட் என்று பார்த்தால், உங்கள் 25 வாட் அதைப்போல் இரண்டுக்குப் பின்னால் பதினாறு சைபர் போட்ட மடங்கு வருகிறது. டெசிபலில் 163. தவில் வாசித்துக்கொண்டே பந்தலின் கடைசி வரிசையில் ஒரு பாட்டி முணுமுணுப்பதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வது போல. இரண்டு அலைவரிசைக்கும் 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதனால்தான் 163 முழுவதையும் நாம் சுமக்க வேண்டியதில்லை. ரேடியோவுக்குள் இருக்கும் ஃபில்டர்கள் பாதியளவு பார்த்துக்கொள்ளும். மீதி, தோராயமாக 85 டெசிபல், வெளியே நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ரேடியோவுக்கு ரேடியோ இது கொஞ்சம் ஏறும், இறங்கும்.

இங்கே நிறையப் பேர் தவறவிடும் ஒன்று உண்டு. தொல்லை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, 145.600-இல் கிளம்பும் பலமான காரியர் (குரலைச் சுமக்கும் அலை) ரிசீவரின் முன்பகுதியை அமுக்குவது. இதை ரிசீவர் பக்கம் ஃபில்டர் போட்டுத் தடுக்கலாம். மற்றது, டிரான்ஸ்மிட்டர் தன் அலைவரிசையில் மட்டும் கத்துவதில்லை. அதைச் சுற்றி அகலமாக ஒரு இரைச்சலையும் தூவுகிறது. அந்த இரைச்சலின் ஒரு துளி 145.000-இலேயே விழுகிறது. அது நீங்கள் கேட்க விரும்பும் அலைவரிசையிலேயே வந்து உட்கார்ந்துகொள்வதால், ரிசீவர் பக்கம் எத்தனை ஃபில்டர் போட்டாலும் போகாது. டிரான்ஸ்மிட்டரை விட்டு வெளியே வரும் முன்பே அதை வெட்ட வேண்டும். டியூப்ளெக்ஸர் என்ற ஃபில்டர் தொகுப்பு இரண்டையும் செய்கிறது; அதன் ஒவ்வொரு ஃபில்டரும் ஒரு உலோகக் குடுவை: டிரான்ஸ்மிட்டர் பக்கத்துக் குடுவைகள் 145.000-ஐ வெட்டும், ரிசீவர் பக்கத்துக் குடுவைகள் 145.600-ஐ வெட்டும். ஒரே ஆன்டெனாவில் இரண்டும் குடும்பம் நடத்த முடிவது அதனால்தான்.

டியூப்ளெக்ஸர் இல்லாமல், ஆன்டெனாக்களைத் தள்ளி வைத்தே சமாளிக்க முடியாதா? கணக்கு இதோ. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். பக்கவாட்டில் ஆறு மீட்டர் தள்ளி நட்டால் கிடைக்கும் பிரிவு ஏறத்தாழ 31 டெசிபல். ஆன்டெனாக்களுக்குக் கெயின் (பக்கவாட்டில் கூடுதல் வீச்சு) இருந்தால் அதிலும் கழியும். அதே ஆறு மீட்டரை ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக, ஒரே கம்பத்தில் நேர்செங்குத்தாக வைத்தால் 46 வரை வரும். செங்குத்து ஆன்டெனாவின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வீச்சு குறைவு என்பதால் இந்த லாபம். 85 டெசிபல் வேண்டுமானால் செங்குத்தாக 55 மீட்டர் வேண்டும். பக்கவாட்டில் என்றால் மூன்று கிலோமீட்டருக்குப் பக்கத்தில் போய்விடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி வைப்பதை அபத்தம் என்று நினைக்காதீர்கள். ரிசீவரை ஒரு மாடியிலும் டிரான்ஸ்மிட்டரை இன்னொரு மாடியிலும் வைத்து நடுவே யுஎச்எஃப் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) லிங்க் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் சாவி வாங்குவதுதான் அதில் கஷ்டம்.

சரி, டியூப்ளெக்ஸர் வாங்கிவிடலாம் என்று இணையக் கடையில் தேடினால், உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய, தட்டையான, ஆறு குடுவை டியூப்ளெக்ஸர் மலிவாகக் கிடைக்கும். 'விஎச்எஃப்' என்றும் போட்டிருக்கும். குறிப்பில் 'குறைந்தபட்ச இடைவெளி' என்ற வரியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலும் சில மெகாஹெர்ட்ஸ் இடைவெளி கேட்கும். 600 கிலோஹெர்ட்ஸுக்கு அதை இழுத்து டியூன் செய்தால் வெட்டும் பள்ளம் ஆழமாக இருக்காது; போதாததற்கு வேண்டிய சிக்னலும் சேர்ந்து வெட்டுப்படும். 600 கிலோஹெர்ட்ஸுக்கு வேண்டியது ஆளுயரத்தில் பாதி நிற்கும் குடுவைகள். கால் அலைநீளம் 52 சென்டிமீட்டர் என்பதால் அதற்குக் குறைந்த உயரத்தில் நல்ல குடுவை வராது. அப்படி நான்கு, முடிந்தால் ஆறு. புதிதாக வாங்கினால் இரண்டு ரேடியோவின் விலையைப் போல் பல மடங்கு ஆகும்.

வீட்டில் செம்புக் குழாயில் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எனக்குத் தெரியும். செய்யலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செம்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 17 மைக்ரான் நீளும். மே மாத மதியத்துக்கும் மார்கழி விடியலுக்கும் மாடி அறைக்குள் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 145 மெகாஹெர்ட்ஸ் குடுவை அந்த 20 டிகிரியில் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அலுமினியம் இன்னும் அதிகம். இடைவெளியே 600 என்கிற இடத்தில், ஊசி போன்ற பள்ளம் 50 நகர்ந்தால் மே மாத மதியத்தில் வேலை செய்யும் ரிப்பீட்டர் மார்கழி விடியலில் செவிடாகும். விலை உயர்ந்த குடுவைகளில் நடுத்தண்டை இன்வார் என்ற கலப்பு உலோகத்தில் வைப்பது இதற்காகத்தான். அது வெப்பத்தில் அநேகமாக நீள்வதே இல்லை.

அப்படியானால் யுஎச்எஃப்? அலைநீளம் சிறிது என்பதால் எல்லாமே சுருங்கும். 435 மெகாஹெர்ட்ஸில் ஒரே கம்பத்தில் பத்து மீட்டர் மேலும் கீழும் வைத்தாலே 74 டெசிபல் வந்துவிடும். மிச்சத்துக்கு ஒன்றிரண்டு குடுவை போதும். ஆனால் அமெரிக்கக் கட்டுரைகளைப் படித்துவிட்டு '5 மெகாஹெர்ட்ஸ் ஷிஃப்ட்' (கேட்கும் அலைவரிசைக்கும் சொல்லும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி) என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். நமக்கு ஒதுக்கியிருப்பதே 434 முதல் 438 வரை, மொத்தம் 4 மெகாஹெர்ட்ஸ். ஐந்து அதில் நுழையாது. பிரிட்டனில் 1.6 மெகாஹெர்ட்ஸ் ஷிஃப்ட்டில் ஓட்டுகிறார்கள். அந்த மாதிரி ஒன்றைத்தான் நாமும் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தால் மறுபடியும் அந்தத் தட்டை டியூப்ளெக்ஸர் முரண்டு பிடிக்கும்.

எனக்குத் தோன்றும் வழியைச் சொல்கிறேன். உங்கள் இரண்டு விஎச்எஃப் செட்டில் ஒன்றைக் கொடுத்து ஒரு யுஎச்எஃப் செட் மாற்றிக்கொள்ளுங்கள். யுஎச்எஃப்பில் கேட்டு விஎச்எஃப்பில் சொல்லும் கிராஸ்பேண்ட் ரிப்பீட்டர். நடுவே 290 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. டியூப்ளெக்ஸர் வேண்டாம். இரண்டு ஆன்டெனாவை மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்து, சின்ன லோ-பாஸ், ஹை-பாஸ் ஃபில்டர் போட்டால் போதும். இன்று பெரும்பாலான ஹாம்கள் கையில் இரண்டு பேண்டும் பேசும் கைக்கருவி இருக்கிறது. மெமரியில் ஏற்றிவிட்டால் பேசுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஒரே ஒரு கண்ணி: மூன்றாம் ஹார்மானிக், அதாவது டிரான்ஸ்மிட்டர் தன் அலைவரிசையின் மும்மடங்கிலும் கசியவிடும் சிக்னல். 145.600-ஐ மூன்றால் பெருக்குங்கள், 436.800. சரியாக நம் யுஎச்எஃப் பேண்டின் நடுவில் வந்து விழுகிறது. ஆகவே 436.800-க்குப் பக்கத்தில் ரிசீவரை வைக்காதீர்கள். ஒரு மெகாஹெர்ட்ஸாவது விலகுங்கள். விஎச்எஃப் டிரான்ஸ்மிட்டரின் வாயில் லோ-பாஸ் ஃபில்டரும் கட்டாயம். இதைத் தெரியாமல் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் சார்பில் உங்களுக்கு இந்த எச்சரிக்கை.

அனுமதி விஷயம் இரண்டே வரி. நம் ஹாம் லைசென்ஸ் நம்மைப் பேச விடுகிறது. ஆள் உட்காராமல் தானாக ஓடும் நிலையத்துக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி-யிடம் முறையாகக் கேட்டு வாங்குங்கள், கிளப் பெயரில் கேட்பது நல்லது. டாக்சிக்காரர்களின் பழைய சேனல்கள் ரேடியோவில் இன்னும் உட்கார்ந்திருக்கும். முதல் வேலையாக அவற்றை அழித்துவிடுங்கள்.

இனி இணைப்பு. ஜிஎம்300-இன் முதுகில் 16 பின் கொண்ட துணைக் கனெக்டர் இருக்கிறது. இந்த செட்டை ரிப்பீட்டர்காரர்கள் விரும்புவதே அதற்காகத்தான். மைக் ஜாக்கையும் ஸ்பீக்கர் கம்பியையும் தொடவே வேண்டாம். உங்களுக்கு வேண்டிய பின்கள் ஐந்தாறுதான். 7 கிரவுண்ட். 11-இல் ரிசீவர் ஆடியோ வெளியே வரும். 5-இல் டிரான்ஸ்மிட்டருக்குத் தட்டையான ஆடியோ உள்ளே போகும். 2 வெளி மைக் ஆடியோ. 3 பிடிடி, அதாவது பேசும் பொத்தான்; கிரவுண்ட் செய்தால் டிரான்ஸ்மிட். 8-ஐ புரோகிராமில் 'சிக்னல் வந்திருக்கிறது' என்று சொல்லும் சிஓஆர் பின்னாக மாற்றிக்கொள்ளலாம். 15-ஐயும் 16-ஐயும் இணைத்து வைத்தால்தான் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பேசும். சோதனைக்கு அது வேண்டும். ஆக, ரிசீவர் செட்டின் 11 ஒரு 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் வழியாக, ஒரு 2.2 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் தாண்டி, டிரான்ஸ்மிட்டர் செட்டின் ஆடியோ பின்னுக்கு (2-ஆ 5-ஆ என்பதைப் பின்னால் சொல்கிறேன்). ரிசீவரின் 8 டிரான்ஸ்மிட்டரின் 3-க்கு. 7-க்கு 7. மேசை மேல் ரிப்பீட்டர் பேசிவிடும். பின் 8 சிக்னல் வரும்போது கீழே இறங்கும்படி புரோகிராம் செய்யுங்கள். தலைகீழாக இருந்தால் ஒரு பிசி547 டிரான்சிஸ்டரை நடுவில் போட்டுத் திருப்பிக்கொள்ளலாம்.

புரோகிராம் என்றதும் ஒரு பெருமூச்சு. ஜிஎம்300-இன் மென்பொருள் டாஸ் காலத்தது. வேகமான கணினியில் தடுமாறும். யுஎஸ்பி மாற்றி வழியாகப் போனால் பல சமயம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நிஜ சீரியல் போர்ட் உள்ள ஒரு கிழட்டு மடிக்கணினியும், ரிப் என்று நாம் சொல்லும் இடைப்பெட்டியும் வேண்டும். உங்கள் ஊரில் பழைய கணினியைத் தூக்கிப்போடாமல் பரணில் வைத்திருக்கும் ஓஎம் ஒருவராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள். போகும்போது செட்டின் லேபிளையும் பார்த்துவிட்டுப் போங்கள். 146 முதல் 174 வரை என்று இருக்கும் வகையும் உண்டு. அது 145-க்கு இறங்குமா என்பது அந்தந்த செட்டின் ஜாதகம். 136 முதல் 162 வரை உள்ளது கிடைத்தால் பாக்கியம்.

ஆடியோவில் கைவைக்கும்போது ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். எஃப்எம் குரல் ரேடியோக்கள் பேசும்போது உயர்சுருதியைத் தூக்கி அனுப்பும், கேட்கும்போது அதே அளவு இறக்கிக் கொடுக்கும். ரிசீவரில் எஃப்எம் அலையைக் குரலாக மாற்றும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேரே எடுத்த தட்டை ஆடியோ, டிரான்ஸ்மிட்டரின் தட்டை வாய்க்குத்தான் போக வேண்டும். இறக்கிப் பதமாக்கிய ஆடியோ மைக் வாய்க்குத்தான் போக வேண்டும். பதமாக்கியதைத் தட்டை வாயில் கொடுத்தால் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல் இருக்கும். தட்டையை மைக்கில் கொடுத்தால் தகரத்தில் ஆணி கீறுவது போல் காது கூசும். ஜிஎம்300-இல் பின் 11-இல் எது வர வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஜேயு551 என்ற ஜம்பர் முடிவு செய்கிறது. ஒரு நிலையில் தட்டை, ஸ்க்வெல்ச் மூடியிருந்தாலும் இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். மறு நிலையில் பதமாக்கியது, ஸ்க்வெல்ச் மூடினால் அமைதி. கண்ட்ரோலர் (ரிப்பீட்டரை நடத்தும் சின்ன மூளை) இல்லாத எளிய இணைப்புக்கு இரண்டாவது நிலையும் மைக் பின்னும்தான் சரி. தட்டைதான் வேண்டுமென்றால், ஆள் பேசி முடித்த பிறகு டிரான்ஸ்மிட்டர் இன்னும் ஓடும் அந்த ஒன்றிரண்டு நொடியில் இரைச்சல் வெளியே போகாமல் அடைக்கும் பொறுப்பு உங்கள் கண்ட்ரோலருக்கு.

ஆடியோ அளவை எப்படி வைப்பது? 'கேட்டால் நன்றாக இருக்கிறது' என்பது அளவல்ல. உள்ளே 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (குரலுக்கேற்ப அலைவரிசை அசையும் அளவு) வந்தால் வெளியே 3 போக வேண்டும். சர்வீஸ் மானிட்டர் என்ற லட்ச ரூபாய்ப் பெட்டி நம்மிடம் கிடையாது. ஆனால் கணினியில் செருகி அலைகளைத் திரையில் பார்க்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று இருந்தால் பெசல் சூத்திரம் கைகொடுக்கும். டிரான்ஸ்மிட்டருக்கு 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுத்து அளவை மெல்ல ஏற்றுங்கள். திரையில் நடுவே நிற்கும் காரியர் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் காணாமல் போகும். முதல் முறை காணாமல் போகும் இடத்தில் டீவியேஷன் டோனைப் போல் 2.405 மடங்கு, அதாவது 2.4 கிலோஹெர்ட்ஸ். உச்ச வரம்பான 5 கிலோஹெர்ட்ஸைப் பார்க்க வேண்டுமா, 2079 ஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள். காரியர் மறையும் இடம்தான் 5. முதல் தடவை அந்தக் கோடு கண்ணெதிரே மறைந்தபோது நான் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதே டாங்கிளில் அலைவரிசையையும் சரிபார்த்துவிடுங்கள். டாங்கிளையே முதலில் தெரிந்த ஒரு நிலையத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டு. முப்பது வருடம் ஓடிய செட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) தள்ளிப் போயிருந்தால் 145-இல் அது 725 ஹெர்ட்ஸ்.

கண்ட்ரோலர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஆர்டுயினோ நானோ போதும். செய்ய வேண்டியவை: ஸ்க்வெல்ச் மூடிய பிறகு ஒன்றரை நொடி டிரான்ஸ்மிட்டரைப் பிடித்து வைப்பது, யாராவது பிடிடி-யின் மேல் உட்கார்ந்துவிட்டால் மூன்று நிமிடத்தில் வாயை அடைப்பது, அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்புவது. நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வைப்பேன். பழையதே பிடிக்கும் என்பவர்களுக்கு மோட்டோரோலாவே இந்த வரிசை செட்டுகளை இணைக்க ரிக் என்ற சின்னப் பெட்டி போட்டது. பழைய சாமான்களோடு சில சமயம் வரும், விடாதீர்கள். சிடிசிஎஸ்எஸ் டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் அடையாளத் தாழ்சுருதி), 88.5 ஹெர்ட்ஸோ வேறெதுவோ, கட்டாயம் வையுங்கள். எங்கோ கிளம்பும் குப்பைச் சிக்னல் ரிப்பீட்டரைத் திறக்காமல் இருக்கும். ஆனால் டோன் போட்டதும் தடதடப்பு குறைந்ததே, செவிட்டுத்தனம் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. டோன் கதவுக்குப் பூட்டு, காதுக்கு மருந்தல்ல.

வண்டி ரேடியோ பேசிவிட்டு ஓய்வதற்குச் செய்தது. ரிப்பீட்டரில் சாயங்கால நெட் (ஹாம்கள் கூடிப் பேசும் நேரம்) தொடங்கினால் ஒரு மணி நேரம் விடாமல் டிரான்ஸ்மிட் செய்ய வேண்டும். 25 வாட் செட்டை 10 வாட்டுக்கு இறக்குங்கள். இழப்பு 4 டெசிபல், கேட்கிறவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. வெப்பம் அதே விகிதத்தில் குறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; பவர் டிரான்சிஸ்டர் குறைந்த வாட்டில் இன்னும் விரயக்காரன். ஹீட் சிங்க் மேல் 12 வோல்ட் கணினி ஃபேன் ஒன்றைக் கட்டி, பிடிடி-யோடு சேர்ந்து சுழலவிடுங்கள். ஒரே பேண்டில்தான் கட்டுவது என்றால், இரண்டு செட்டில் காது நன்றாக இருப்பதை ரிசீவராக்குங்கள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்; தனித்தனி இரும்புப் பெட்டி. ஒற்றைச் சிப்பில் எல்லாம் அடக்கிய மலிவுக் கைக்கருவிகளைக் கொண்டு ரிப்பீட்டர் கட்டும் காணொளிகளை நம்பி இறங்காதீர்கள். அவற்றின் முன்பகுதியில் ஃபில்டர் என்று சொல்லிக்கொள்ள அதிகம் ஒன்றுமில்லை. பழைய ஜிஎம்300 அந்த விஷயத்தில் அண்ணன்.

கேபிளில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், அங்கேதான் எல்லாம் போகும். ஆர்ஜி-58 முப்பது மீட்டர் ஓடினால் 145-இல் 6 டெசிபல் தின்னும்; நான்கில் மூன்று பங்கு பவர் கேபிளைச் சூடாக்கப் போய்விடுகிறது. அதன் ஒற்றை வலைப்பின்னல் வழியாகச் சிக்னல் கசியவும் செய்யும். மேலே போக அரை இஞ்ச் ஹீலியாக்ஸ், முடியாவிட்டால் ஆர்ஜி-213. பெட்டிக்குள் குட்டை இணைப்புகளுக்கு இரட்டை வலை கொண்ட ஆர்ஜி-400 அல்லது ஆர்ஜி-214. ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் ரிப்பீட்டருக்கு, அலுமினியத் தகட்டின் மேல் செம்பு வலை சுற்றிய எல்எம்ஆர்-400 வகையைப் போடாதீர்கள். வேறு வேறு உலோகம் உரசும் இடம் காலப்போக்கில் டயோடு மாதிரி நடந்துகொண்டு கரகரக்கும். கனெக்டர் என்-டைப்.

கரகரப்பு என்றதும் என் இரண்டாவது ரிப்பீட்டர் நினைவுக்கு வருகிறது. மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் கண்ணாடி மாதிரி ஓடியது. ஆடிக் காற்று தொடங்கிய அன்று முதல் பட்டாசு. டியூப்ளெக்ஸரை இறக்கி மறுபடி டியூன் செய்தேன், கனெக்டர்களைப் புதிதாகப் போட்டேன். கடைசியில் பார்த்தால் ஆன்டெனாவுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்ற தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணி. துருப்பிடித்த கிளாம்ப் காற்றில் ஆடும்போதெல்லாம் இணைவதும் பிரிவதுமாக இருந்திருக்கிறது. என் டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை வாங்கி, இரைச்சலாக்கி, என் ரிசீவருக்கே கொடுத்திருக்கிறது. எட்டு போல்ட்டைச் சுரண்டி இறுக்கியதும் தீர்ந்தது. கடலோர ஊர் என்றால் வருடா வருடம் இந்த வேலை உண்டு.

அதனால் சோதனையைப் படிப்படியாகச் செய்யுங்கள். நண்பர் ஒருவரை கைக்கருவியோடு தூரமாக அனுப்பி, பவரைக் குறைத்து, ரிசீவரில் அவர் குரல் இரைச்சலோடு அரைகுறையாகக் கேட்கும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்மிட்டரை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிச் சூடாக்கிவிடும் பெட்டி) மாட்டி, ரிசீவரை ஆன்டெனாவில் விட்டு, கையால் பிடிடி-யை அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது அவர் குரல் இரைச்சலில் மூழ்கினால், பெட்டிக்குப் பெட்டி நேராகவே கசிகிறது. கேபிளையும் பெட்டியையும் பாருங்கள். அது சரியென்றால் டம்மி லோடை எடுத்துவிட்டு ஃபில்டரும் ஆன்டெனாவும் மாட்டி மறுபடி அழுத்துங்கள். இப்போது மூழ்கினால் டிரான்ஸ்மிட்டரை 25-லிருந்து 10 வாட்டுக்கு இறக்கி, அப்போதும் எப்படி மூழ்குகிறது என்று கவனியுங்கள். காற்றடிக்கும்போது மட்டும் கரகரவென்று வந்தால் ஏணியும் கம்பமும்தான். சீராக 'உஷ்' என்று மூழ்கினால் ஃபில்டர் போதவில்லை. பின்னால் 600 கிலோஹெர்ட்ஸ் டியூப்ளெக்ஸர் வாங்கி நானோவிஎன்ஏ என்ற அளவுக் கருவியில் டியூன் செய்யப் போனால் ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தக் குட்டிக் கருவியின் பார்வை விஎச்எஃப்பில் 70 டெசிபல் ஆழத்தோடு நின்றுவிடும். 90 டெசிபல் பள்ளத்தின் அடியை அது காட்டாது. குடுவைகளைத் தனித்தனியாகக் கழற்றி டியூன் செய்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.

ஐந்து மாடி, அதாவது சுமார் 18 மீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ அடிவானம் 17 கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குப் போதும். ஏற்காடு போல 1500 மீட்டர் உயரத்தில் ஒரு அறை கிடைத்தால் கதையே வேறு: கீழே 280 மீட்டரில் இருக்கும் சேலத்துச் சமவெளிக்கு மேலே 1200 மீட்டர் சொச்சம், அடிவானம் 140 கிலோமீட்டர். ஆனால் மலையில் வைத்ததைப் பழுதுபார்க்க ஒவ்வொரு முறையும் மலையேற வேண்டும். முதல் ரிப்பீட்டரை மாடியில் வைத்து ஒரு வருடம் திட்டு வாங்குங்கள்.

பவர் சப்ளை 13.8 வோல்ட், பத்து ஆம்பியர் தாராளம். சுவிட்ச் மோட் சப்ளை என்றால் அது ரிசீவரின் அலைவரிசையில் கூவுகிறதா என்று முதலில் பாருங்கள். கரண்ட் போனாலும் ஓட ஒரு லெட்-ஆசிட் பேட்டரி, அதன் பாசிட்டிவ் முனையிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் மின்னல் அரெஸ்டர்; அதன் எர்த் கம்பி வளைந்து நெளியாமல் நேராகக் கீழே போய், கட்டடத்தின் எர்த்தோடும் இணைந்திருக்க வேண்டும். ஐப்பசி இடிக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். யுஎச்எஃப் செட் கைக்கு வந்ததும் அதன் லேபிளில் உள்ள மாடல் எண்ணை எனக்கு அனுப்புங்கள், 434-க்கு இறங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.